கம்பியூட்டருக்கு ஸ்பீக்கர்: சின்னக் காம்பராவுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அத்தியாயம் 7

வீட்டுக்கு ஒரு லெப்டொப்போ, பாவித்த டெஸ்க்டொப் கம்பியூட்டரோ வந்து சேர்ந்ததும் அடுத்த தேவை சத்தம். டெஸ்க்டொப்பில் பெரும்பாலும் ஸ்பீக்கரே இருக்காது. லெப்டொப்பில் இருப்பது மிகச் சிறியது. பல மொடல்களில் அது அடிப்பக்கம் பார்த்தபடி இருப்பதால், கட்டிலில் வைத்தவுடன் குரல் அமுங்கிவிடும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது எத்தனையோ தோட்டப் பிள்ளைகள் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். இன்றும் கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் உள்ள பாடங்களையும், உயர்தர வகுப்புகளின் காணொளிகளையும் பிள்ளைகள் கேட்டுத்தான் படிக்கிறார்கள். ஆசிரியர் சொல்வது காதில் தெளிவாக விழாவிட்டால் கம்பியூட்டர் இருந்தும் பாதிப் பயன்தான்.

ராகலையைச் சுற்றியுள்ள தோட்டங்களின் லயன் காம்பராக்களை மனதில் வைத்தே இந்த அத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது. சிறிய அறை, அயலாரோடு பகிரும் சுவர், மேலே தகரக் கூரை. இப்படியான வீட்டில் குரலின் தெளிவுக்குக் காசு கொடுங்கள். பெரிய வொட் கணக்குக்கும் குமுறும் பேஸுக்கும் கொடுக்காதீர்கள். தனி வீட்டுத் திட்டங்களில் குடியேறியவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் வசதியை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

எதற்காக வாங்குகிறீர்கள்?

கடைக்குப் போகுமுன் இதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். பிள்ளையின் பாடமும் செய்தியும்தான் முதன்மை என்றால் தேவை பேச்சுத் தெளிவு. அதற்கு மிகச் சிறிய ஸ்பீக்கரே போதும். பாட்டும் படமும் முக்கியம் என்றால் ஸ்பீக்கருக்குள் அதிரும் கூம்பு கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். வீட்டிலுள்ள எல்லோரும் சேர்ந்து பார்ப்பதா, ஒருவர் மட்டும் மேசைக்கு முன் உட்கார்ந்து கேட்பதா என்பதையும் யோசியுங்கள். ஒருவர் மட்டும் என்றால் இயர்போனே போதுமாக இருக்கலாம்.

விலையை ரூபாவில் மட்டும் பார்க்காமல், ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்ற பேர்க் கணக்கிலும் பாருங்கள். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. அந்த 1,350இல் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் கழிந்து கைக்கு வந்தது 1,242 ரூபா. அந்த 2024ஆம் ஆண்டுக் கணக்கில், 5,400 ரூபா விலைச் சீட்டு ஒட்டிய ஒரு செட்டை எடுத்தால், நாலு முழுப் பேருக்கும் மேலான உழைப்பு அதில் போகிறது. அந்த உழைப்புக்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பெட்டியில் அச்சிட்ட எண்கள்

மலிவான செட்டுகளின் பெட்டியில் "1,200 வொட்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பக்கத்தில் சிறிய எழுத்தில் "பிஎம்பிஓ" என்று போட்டிருப்பார்கள். இந்தக் கணக்குக்குப் பொதுவான அளவு முறை எதுவும் கிடையாது. தயாரிப்பவர் விரும்பிய எண்ணைப் போடலாம். நீங்கள் தேட வேண்டியது "ஆர்எம்எஸ்" என்ற சொல். தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தியை அதுதான் சொல்கிறது. ஆர்எம்எஸ் கணக்கு பெட்டியிலும் இல்லை, உள்ளே இருக்கும் தாளிலும் இல்லை என்றால் அந்த வொட் எண்ணை முழுதாக மறந்துவிடுங்கள்.

பெட்டி சொல்வது உண்மையா என்று நீங்களே கணக்குப் போடவும் ஒரு வழி உண்டு. சாதாரண யூஎஸ்பி 2.0 துளை 5 வோல்டில் 500 மில்லி அம்பியர் கொடுக்கும். பெருக்கினால் 2.5 வொட். நீல நிற யூஎஸ்பி 3.0 துளை 900 மில்லி அம்பியர், அதாவது 4.5 வொட். இந்தத் துளையில் மட்டுமே செருகி ஓடும் ஸ்பீக்கர், துளை கொடுப்பதைவிடக் கூடுதலான சத்தச் சக்தியைத் தொடர்ந்து தர முடியாது. அப்படியிருந்தும் பெட்டியில் "20 வொட்" என்று இருந்தால் அது விற்பனைக்காகப் போட்ட எண்.

2.5 வொட் போதுமா? தாராளமாகப் போதும். சிறிய ஸ்பீக்கர் ஒன்று 1 வொட்டில் ஒரு மீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 80 டெசிபல் சத்தம் தரும் என்று வைத்துக்கொள்வோம். நாம் சாதாரணமாகக் கதைக்கும் சத்தம் அதே தூரத்தில் 60 டெசிபல் அளவு. 20 டெசிபல் குறைவு என்றால் சக்தியில் நூறில் ஒரு பங்கு. ஆசிரியரின் குரலை இயல்பான சத்தத்தில் கேட்க 0.01 வொட் போதும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். வொட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்ற ஏறத்தாழ 10 மடங்கு சக்தி வேண்டும். ஆகவே 5 வொட்டுக்கும் 10 வொட்டுக்கும் இடையில் பெரிய விலை வித்தியாசம் இருந்தால் அதற்கு மயங்க வேண்டாம்.

அடுத்த எண் ஹேர்ட்ஸ், அதாவது சத்தம் எவ்வளவு தாழ்ந்தது அல்லது உயர்ந்தது என்பதன் அளவு. "20 முதல் 20,000 ஹேர்ட்ஸ்" என்று எல்லாப் பெட்டியிலும் இருக்கும். 2 அங்குலக் கூம்பு 20 ஹேர்ட்ஸைத் தராது. 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே அது இறங்குவதே கஷ்டம். பேச்சுக்கு அது குறையுமில்லை. குரலின் சொல் தெளிவு பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹேர்ட்ஸ் வரையான பகுதியில் இருக்கிறது. பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹேர்ட்ஸை மட்டும் கடத்தியும் நாம் ஒருவரை ஒருவர் விளங்கிக்கொண்டோம். லயன்களில் ஒரு தலைமுறை கேட்டு வளர்ந்த வானொலிப் பெட்டியில் இருந்ததும் ஒற்றை ஸ்பீக்கர்தான். செய்தி வாசிப்பவரின் ஒரு சொல்லும் தவறாமல் காதில் விழுந்ததற்குக் காரணம் அந்த நடுப்பகுதியை அது சுத்தமாகக் கொடுத்ததே.

எந்த வகை?

முதல் வகை 2.0. இரண்டு சிறிய பெட்டிகள், இடமும் வலமும். யூஎஸ்பியில் கரண்ட் எடுத்து, 3.5 மில்லிமீற்றர் ஜெக்கில் சத்தத்தை வாங்கும். சின்னக் காம்பராவுக்கு என் முதல் பரிந்துரை இதுதான். லொஜிடெக் இசட்120 இந்த வகையின் எளிய உதாரணம். அதன் ஆர்எம்எஸ் 1.2 வொட் மட்டுமே, நிறுவனமும் அதை மறைக்கவில்லை. அதற்கு மேல் படியில் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனத்தின் பெபிள் இருக்கிறது. 2 அங்குலக் கூம்பு, 4.4 வொட் ஆர்எம்எஸ். கூம்புகளை 45 பாகை சாய்த்து வைத்திருப்பதால் மேசையில் வைத்தாலே சத்தம் காதை நோக்கி மேலேறும். இதே பெயர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. பெயர் தெரியாத செட் ஒன்றை இவற்றோடு ஒப்பிட்டுக் கேட்க முடிந்தால் அதுவே நல்ல அளவுகோல்.

இரண்டாவது வகை 2.1. இரண்டு சிறிய பெட்டிகளோடு பேஸுக்கென்று கீழே ஒரு சப்வூஃபர். தனி வீடும் ஓரளவு பெரிய அறையும் உள்ளவர்கள் யோசிக்கலாம். காம்பராவில் இருப்பவர்களுக்கு ஏன் வேண்டாம் என்று கீழே சொல்கிறேன்.

மூன்றாவது, மொனிட்டருக்குக் கீழே வைக்கும் நீட்டு சவுண்ட்பார். மேசையில் இடம் மிஞ்சும். ஆனால் இடம்-வலம் பிரிவு குறைவு.

நான்காவது, புளூடூத் ஸ்பீக்கர். போனுக்கும் பயன்படும் என்பதால் பலர் இதை வாங்குகிறார்கள். கம்பியூட்டரில் இதன் குறை தாமதம். படத்தில் உதடு அசைந்து சற்றுப் பிந்தியே குரல் வரலாம். சில காணொளிச் செயலிகள் இதைத் தாமாகச் சரிசெய்யும், விளையாட்டுகளிலும் நேரடி வகுப்பிலும் அது நடக்காது. உள்ளே இருக்கும் பெட்டரியும் சில வருடங்களில் தளர்ந்துவிடும். புளூடூத் வேண்டும் என்றால் பக்கத்தில் வயர் போடும் துளையும் இருக்கிற மொடலை எடுங்கள்.

சப்வூஃபரும் பக்கத்துக் காம்பராவும்

பழைய லயன் காம்பரா ஒன்று 12 அடி நீளம், 10 அடி அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகிறது. 12 அடிச் சுவர்களுக்கிடையில் 47 ஹேர்ட்ஸ் அளவிலும், 10 அடிச் சுவர்களுக்கிடையில் 56 ஹேர்ட்ஸ் அளவிலும் அலை தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும். சப்வூஃபர் வேலை செய்வதும் இதே பகுதியில்தான். அதனால் சில சுரங்கள் மட்டும் காரணமில்லாமல் குமுறும், மற்றவை காணாமல் போகும். பாட்டில் வரும் தவிலும் உருமியும் தனித்தனியாகக் கேட்காமல் ஒரே இரைச்சலாகிவிடும். பேச்சுக்கும் அது இடைஞ்சல்.

குமுறல் காம்பராவோடு நிற்பதுமில்லை. மெல்லிய உயர் சத்தத்தைச் சுவர் ஓரளவு தடுக்கும், தாழ்ந்த சத்தத்தைத் தடுக்காது. கூரைவழியாகவும் சுவர்வழியாகவும் அது பக்கத்துக் காம்பராவுக்கும் அதற்கடுத்ததற்கும் போகும். விடியப் பெரட்டுக்குப் போக வேண்டியவர்கள் அங்கே படுத்திருக்கிறார்கள். பொதுச் சுவருக்கு இந்தப் பக்கம் நாம் வாங்கும் பொருளுக்கு அந்தப் பக்கத்தில் இருப்பவரும் விலை கொடுக்கிறார் என்பதை மறக்கக்கூடாது. அயலாரோடு மனத்தாங்கல் வராமல் இருப்பது எந்தப் பேஸையும்விடப் பெரிது.

ஏற்கெனவே 2.1 செட் வீட்டில் இருந்தால் எறிய வேண்டாம். சப்வூஃபரை மூலையிலிருந்து வெளியே எடுத்து, பொதுச் சுவரிலிருந்து தள்ளி, அடியில் தடித்த ரப்பர் துண்டு கொடுத்து வையுங்கள். பேஸ் திருகியைக் கால்வாசிக்கு இறக்குங்கள். பாடம் கேட்கும்போது முழுவதுமாகக் குறைத்துவிடுங்கள்.

தகரத்தில் மழை பெய்யும்போது

ராகலைப் பக்கம் உடப்புசல்லாவையோடு சேர்ந்து வடகீழ்ப் பருவமழையை நன்றாக வாங்கும். தென்மேற்குக் காலத்திலும் தூறலும் காற்றும் உண்டு. தகரக் கூரையில் மழை இறங்கினால் ஆசிரியர் குரல் அடியோடு மூடிப்போகும். சத்தத்தைக் கூட்டுவதுதான் எல்லோரும் செய்வது. மலிவு ஸ்பீக்கரில் அது குரலை உடைத்து இன்னும் விளங்காமல் ஆக்கும்.

ஸ்பீக்கரைக் கிட்டக் கொண்டுவாருங்கள். திறந்த வெளியில் தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும். 2 மீற்றரில் இருந்ததை அரை மீற்றருக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல். அதை வொட்டால் ஈடுகட்டப் போனால் 16 மடங்கு வேண்டும். அறைக்குள் சுவர்கள் சத்தத்தைத் திருப்புவதால் பலன் இதைவிடச் சற்றுக் குறையும், ஆனாலும் வித்தியாசம் உடனே தெரியும். கை நீட்டினால் தொடும் தூரத்தில், இரண்டு பெட்டிகளும் காதைப் பார்த்தபடி, காது மட்டத்துக்கு உயர்த்தி வையுங்கள். பழைய பாடப் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் வைத்தாலும் போதும். கடும் மழையில் இயர்போன்தான் சரி. இரண்டு பிள்ளைகள் என்றால் ஒரு ஜெக்கை இரண்டாக்கும் சிறிய ஸ்பிளிட்டர் வயர் மலிவாகவே கிடைக்கும்.

கடையில் கேட்டுப் பார்ப்பது

ராகலை டவுனில் கிடைப்பதை முதலில் பாருங்கள். பழுதானால் திருப்பிக் கொண்டுபோக பஸ் காசு குறைவு. அதற்கடுத்து கந்தப்பளை வழியாக நுவரெலியா. கொழும்புக்குப் போகிறவர்கள் இருந்தால் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் விலை கேட்டு வரச் சொல்லலாம். தராஸ் போன்ற இணையக் கடையில் வாங்கினால் கேட்டுப் பார்க்க முடியாது. கூரியர்காரர் லயனைத் தேடி அலையாமல் இருக்க, தெரிந்த டவுன் கடையொன்றின் முகவரியை அவர்களின் சம்மதத்தோடு கொடுங்கள். சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு நடுப்பகலில் கடை இரைச்சலாக இருக்கும். காலையில் கடை திறந்தவுடன் போனால் நிதானமாகக் கேட்கலாம்.

கடைக்காரர் போடும் பாட்டை நம்ப வேண்டாம். எந்த ஸ்பீக்கரிலும் நன்றாகக் கேட்கும் பாட்டையே அவர் வைத்திருப்பார். உங்கள் போனில் பிள்ளையின் பாடம் ஒன்றையும், குரலும் மேளமும் சேர்ந்த பாட்டு ஒன்றையும் ஏற்றிக்கொண்டு போங்கள். போனில் இயர்போன் துளை இருக்கிறதா என்று முன்பே பாருங்கள், இல்லையென்றால் லெப்டொப்பைக் கொண்டுபோவது நல்லது. "அண்ணே, என் போன்ல இருக்கிற பாடத்தப் போட்டுப் பார்க்கவா?" என்று கேட்டால் பெரும்பாலானோர் மறுக்க மாட்டார்கள். மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

பிறகு இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. எதையும் ஓடவிடாமல் சத்தத்தைப் பாதிக்குக் கூட்டி, காதைக் கிட்ட வையுங்கள். மெல்லிய "ஸ்ஸ்" இருக்கலாம். "ம்ம்ம்" என்ற ரீங்காரம் இருக்கக்கூடாது.

2. பாடத்தைக் குறைந்த சத்தத்தில் போடுங்கள். இரண்டு பக்கமும் சமமாக வருகிறதா? மலிவுத் திருகிகளில் ஒரு பக்கம் மட்டும் முதலில் வரும். லயனில் இரவில் நீங்கள் கேட்கப் போவது இந்தக் குறைந்த சத்தத்தில்தான்.

3. வீட்டிலேயே ஒரு குரல் பதிவு செய்து கொண்டுபோங்கள்: பல்லி, பள்ளி, மனம், மணம், தடை, சடை. கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று சொல்ல முடிந்தால் அந்த ஸ்பீக்கர் பாடத்துக்குத் தகுதியானது.

4. பாட்டைப் போட்டு முக்கால்வாசிக்குக் கூட்டுங்கள். பெட்டி கடகடத்தாலோ, குரல் கிழிந்தாலோ வேண்டாம்.

5. திருகியை மேலும் கீழும் மெதுவாகத் திருப்புங்கள். கரகரப்பு இருந்தால் அது நாளாக ஆகக் கூடும்.

6. வயர் பெட்டிக்குள் நுழையும் இடத்தையும் ஜெக்கையும் மெல்ல அசையுங்கள். சத்தம் விட்டுவிட்டு வந்தால் சொல்டர் தளர்ந்திருக்கிறது.

7. வயரின் நீளத்தை அளந்து பாருங்கள். இரண்டு பெட்டிக்கும் இடையில் ஒரு மீற்றராவது விட முடிய வேண்டும்.

பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள். வொரண்டி அட்டையில் திகதியும் கடை முத்திரையும் இருக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிட 1977 என்ற இலக்கம் இருக்கிறது. பற்றுச்சீட்டு கையில் இருந்தால்தான் அந்த முறைப்பாட்டுக்குப் பலம்.

கரண்டும் வயரும்

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. அப்படிப்பட்ட நாட்கள் போனாலும் காற்றுக்கும் மழைக்கும் கரண்ட் போவது மலையில் வழக்கம். யூஎஸ்பியில் ஓடும் ஸ்பீக்கருக்கு லெப்டொப் பெட்டரி இருக்கும்வரை கவலையில்லை. அதற்கு முதலிடம் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

230 வோல்டில் நேரடியாக ஓடும் செட் வாங்கினால் புளக்கைக் கவனியுங்கள். இலங்கையின் நியமம் 13 அம்பியர் சதுர ஊசிப் புளக். பழைய காம்பராக்களில் 5 அம்பியர் வட்ட ஊசிச் சொக்கெட் இருக்கும். இறக்குமதிப் பெட்டியில் வருவதோ இரண்டு மெல்லிய ஊசி. பேனையால் தள்ளிச் செருகுவதும் வெறும் வயரை நுழைப்பதும் உயிராபத்து. நல்ல எடப்டர் ஒன்றை ஸ்பீக்கரோடு சேர்த்தே வாங்குங்கள்.

செருகியதும் ரீங்காரம் வந்தால் லெப்டொப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். ரீங்காரம் நின்றால் ஸ்பீக்கரில் பழுதில்லை. இரண்டையும் ஒரே மல்டி புளக்கில் போட்டால் பெரும்பாலும் குறையும். எக்காரணம் கொண்டும் எர்த் ஊசியை வெட்டாதீர்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி கூடுதல். முழக்கம் தூரத்தில் கேட்கத் தொடங்கும்போதே எல்லாப் புளக்கையும் கழற்றிவிடுங்கள்.

ஈரத்திலிருந்து காப்பது

மூடுபனியும் சுவர் ஈரமும் இங்கே ஸ்பீக்கரின் முதல் எதிரி. மரத்தூள் பலகையில் செய்த பெட்டி ஈரம் குடித்து ஊதிவிடும். மலிவுச் செட்டில் நல்ல பிளாஸ்டிக் பெட்டி இங்கே நெடுநாள் நிற்கும். கூம்பைச் சுற்றிய வளையம் ரப்பராக இருந்தால் நல்லது, ஸ்பொஞ்ச் வளையம் சில வருடங்களில் உதிரும். தரையிலோ ஈரச் சுவரை ஒட்டியோ வைக்க வேண்டாம், ஒரு சாண் தள்ளி வையுங்கள். விறகடுப்புப் புகை படும் இடமும் கூடாது. ஜெக் கரகரத்தால் ஐந்தாறு தடவை செருகி எடுங்கள். அழுக்குப் படிவு பெரும்பாலும் அதிலேயே போகும். எண்ணெய் விடக்கூடாது.

பாவித்த செட் வாங்குகிறவர்கள் துணியை அகற்றிக் கூம்பைக் கண்ணால் பாருங்கள். கிழிசல் இருந்தாலோ, நடுக்குமிழ் அமுங்கி உரசினாலோ விட்டுவிடுங்கள். கூம்பை விரல்களால் சமமாக மெல்ல அழுத்தினால் சத்தமில்லாமல் உள்ளே போய் வர வேண்டும்.

காதுக்கும் ஓர் அளவு

உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பான கேட்டல் அளவு வளர்ந்தவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம், பிள்ளைகளுக்கு 75 டெசிபலில் அதே நேரம். இயர்போனில் இதைத் தாண்டுவது மிகச் சுலபம். அதைப் போட்டிருக்கும் பிள்ளையைச் சாதாரணக் குரலில் கூப்பிடுங்கள். மழையில்லாத நேரத்திலும் கேட்கவில்லை என்றால் சத்தம் கூடுதல்.

வாங்குமுன் கடைசியாக

பாடத்துக்கு மட்டும் என்றால் யூஎஸ்பியில் ஓடும் 2.0 வகை ஸ்பீக்கர், எளிய மொடல். பாட்டும் வேண்டும் என்றால் அதே வகையில் 2 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள கூம்பு. தனி வீடும் பெரிய அறையும் இருந்தால் மட்டும் 2.1. இப்போதைக்குக் காசு போதாது என்றால் மைக் உள்ள வயர் இயர்போன் ஒன்றை வாங்கிப் பாடத்தைத் தொடரச் செய்யுங்கள், நேரடி வகுப்பில் பிள்ளை திருப்பிக் கேள்வி கேட்கவும் அது உதவும். ஸ்பீக்கருக்கு இன்னும் இரண்டு சம்பளம் பொறுக்கலாம். கடன்பட்டுப் பெரிய செட் எடுக்க வேண்டாம். ஆசிரியர் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் நம் பிள்ளைக்கு விளங்க வேண்டும். அதைச் செய்யும் மிகச் சிறிய ஸ்பீக்கர்தான் உங்கள் வீட்டுக்கு மிகச் சரியான ஸ்பீக்கர்.